நூலிழையில் ஒரு வாழ்வு: எலைசா கால்டுவெல் அம்மையார்

(மூன்றாம் ஆண்டு, வரலாறு)

கால்டுவெல் என்ற பெயரைக் கேட்டறியாத தமிழ் மாணவர் எவரும் இரார். 1856-ஆம் ஆண்டில் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் அவரது பெயரை என்றும் நிலைக்கச் செய்துவிட்டது. ஆனால் அப்பெருமகனாரின் துணைவியார் பெயர் யாது என்று வகுப்பில் ஒருவர் கேட்டால், நம்முள் எத்தனை பேர் எழுந்து நின்று விடை கூறுவோம்? மூன்று ஆண்டுகளுக்கு முன் நானும் கூறியிருக்க மாட்டேன். அந்த அம்மையாரை எனக்கு அறிமுகம் செய்து வைத்தது எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் கிடந்த ஒரு மேட்டித் துணி.

என் ஊர் கணியூர். அமராவதி ஆற்றுப் பாசனத்தில் நெல்லும் தென்னையும் விளையும் ஊர். இன்று எங்கள் பகுதியில் விடியற்காலையில் கேட்பது ஏர் மாட்டின் மணியோசை அன்று. திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்ற வரும் வேனின் ஒலியே. என் அம்மாவும் அவ்வேனில் செல்பவர்களுள் ஒருவர். செக்கிங் பிரிவில் பனியன்களின் பிசிறு வெட்டுவது அவர் வேலை.

அம்மா பள்ளியில் படித்த காலத்தில் தையல் ஆசிரியை ஒருவர் குறுக்குத் தையல் கற்றுக்கொடுத்தாராம். கட்டம் கட்டமாக நெய்யப்பட்ட மேட்டித் துணியில், ஒரு கட்டத்திற்கு ஒரு பெருக்கல் குறி வீதம் வண்ண நூலால் இட்டு நிரப்பும் வேலை அது. திருமணமாகி வந்தபின் அம்மா தைத்த இரட்டைக் கிளிப் படம் இன்றும் எங்கள் வீட்டு நிலைக்கு மேல் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது. அடுத்து அவர் தொடங்கியது இரட்டை மயில். நீளவாக்கில் 120 கட்டம், அகலவாக்கில் 80 கட்டம். ஆக 9,600 கட்டங்கள். ஒரு மயில் முடிந்து, மறு மயிலின் கழுத்து வரை வந்தபோது வேலை நின்றுவிட்டது.

அது நின்ற ஆண்டு நான் பன்னிரண்டாம் வகுப்பை முடித்த ஆண்டு. வீட்டில் பணமுடை. என்னையும் கம்பெனிக்கு அனுப்பிவிட்டால் இரண்டு ஆண்டுகளில் நகைக்குச் சேர்த்துவிடலாம் என்று உறவினர் கூறினர். அம்மா ஒப்பவில்லை. பகலில் கம்பெனி வேலை, இரவில் புடவைகளுக்குக் குச்சுக் கட்டும் வேலை என்று இரண்டையும் சுமந்து என் கல்லூரிச் செலவுக்கு வழி செய்தார். மயில் பெட்டிக்குள் போனது. நான் நம் கல்லூரிக்குள் வந்தேன்.

சென்ற ஆண்டு, தமிழ்நாட்டுப் பெண்களின் கைத்தொழில்கள் குறித்துக் கட்டுரை எழுதுமாறு எங்கள் துறையில் பணித்தனர். அம்மாவின் துணி நினைவுக்கு வர, தையல் கலையின் வரலாற்றை நூலகத்தில் தேடினேன். அத்தேடல் என்னை நாகர்கோவிலுக்கும், அங்கிருந்து இடையன்குடிக்கும் அழைத்துச் சென்றது.

எலைசாவின் தந்தையார் சார்லஸ் மால்ட். தாயார் மார்த்தா மால்ட். லண்டன் மிஷனரி சங்கத்தின் சார்பில் 1819-ல் நாகர்கோவிலுக்கு வந்து, ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் அங்கே பணியாற்றியவர்கள். எலைசா 1822-ஆம் ஆண்டளவில் பிறந்து நாஞ்சில் நாட்டுச் சூழலில் வளர்ந்தவர். ஆங்கிலம் வீட்டு மொழி என்றால், தமிழ் அவருக்குத் தெரு மொழி, தோழியர் மொழி, கதை கேட்ட மொழி. ஏட்டில் கற்கும் தமிழுக்கு முன்பே பேச்சுத் தமிழ் அவர் நாவில் குடியேறிவிட்டது.

அன்றைய நாகர்கோவில் திருவிதாங்கூர் அரசில் இருந்தது. அந்நாட்டில் அடிமை முறை வழக்கில் இருந்தது. நாடார் முதலிய சமூகங்களைச் சேர்ந்த பெண்கள் தோளையும் மார்பையும் மேலாடையால் மறைக்கத் தடையும் இருந்தது. எலைசா குழந்தையாக இருந்த 1820-களிலேயே இவ்வுரிமைக்கான கலகங்கள் மூண்டன. மிஷன் இல்லங்களின் பெண்கள் தைத்துக் கொடுத்த தளர்வான குப்பாயங்களை அணிந்து வெளியே வந்த பெண்கள் தாக்கப்பட்டனர். 1859-ல்தான் மேலாடை அணியும் உரிமை அரசாணையால் ஏற்கப்பட்டது. அந்நாட்டில் ஊசியும் நூலும் பொழுதுபோக்குப் பொருள்கள் அல்ல. மானத்தைக் காக்கும் கருவிகள். இதைக் கண்கூடாகக் கண்டு வளர்ந்தவர் எலைசா.

நாகர்கோவிலில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கியபோது, அப்பள்ளியை நடத்தப் பொருள் வேண்டியிருந்தது. கற்க வரும் பெண்களுக்குப் பிழைப்பும் வேண்டியிருந்தது. இரண்டுக்கும் விடையாக வந்ததே லேஸ் பின்னும் தொழில். மார்த்தா அம்மையார் அதனைத் திறம்பட வளர்த்தார். லேஸ் பின்னிச் சேர்த்த கூலியைக் கொண்டு அடிமைப் பெண்கள் சிலர் தங்கள் விடுதலையையே விலைக்கு வாங்கினர் என்று மிஷன் வரலாறுகள் கூறுகின்றன. திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது 1855-ல். சட்டம் வருவதற்கு முன்பே நூலிழை சிலருக்குக் கதவைத் திறந்துவிட்டது.

இந்த லேஸ் எவ்வாறு உருவாகிறது என்பதை இங்கே சிறிது கூறுவது பொருந்தும். இதற்குத் துணி வேண்டுவதில்லை. இறுக அடைத்த ஒரு சிறு திண்டின்மேல், துளையிட்டு வரைந்த மாதிரித் தாளைப் பொருத்துவர். நூல் சுற்றிய சிறு மரக்குச்சிகள் இணை இணையாகத் தொங்கும். அவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக மாற்றுதல், ஒன்றோடு ஒன்றை முறுக்குதல் என அடிப்படை அசைவுகள் இரண்டே. ஒவ்வொரு சந்திப்பிலும் குண்டூசி குத்தி அதனை நிலைநிறுத்துவர். இவ்விரண்டு அசைவுகளிலிருந்து பூவும் இலையும் வலையும் பிறக்கின்றன. குறுக்குத் தையலிலும் அப்படித்தானே? இடமிருந்து ஓர் இழை, வலமிருந்து ஓர் இழை, அவ்வளவே. இரண்டிலும் கலை கையில் இருப்பதைவிட எண்ணிக்கையில் இருக்கிறது. ஓர் இடத்தில் எண்ணிக்கை பிசகினால் அடுத்த வரிசை முழுவதும் கோணலாகிவிடும்.

ராபர்ட் கால்டுவெல் 1814-ல் அயர்லாந்தில் பிறந்து, 1838-ல் சென்னைக்கு வந்தவர். 1841-ல் சென்னையிலிருந்து பெரும்பகுதி கால்நடையாகவே திருநெல்வேலிச் சீமைக்கு வந்து, அவ்வாண்டின் இறுதியில் இடையன்குடியில் தங்கினார். அது செம்மணல் தேரியும் பனங்காடும் சூழ்ந்த சிற்றூர். 1844-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நாகர்கோவிலில் அவருக்கும் எலைசாவுக்கும் திருமணம் நடைபெற்றது. மணமகளுக்கு அப்போது வயது இருபத்தொன்று அல்லது இருபத்திரண்டு.

இடையன்குடிக்கு எலைசா கொண்டு வந்த சீர்வரிசை இரண்டு என்பேன். ஒன்று, மக்கள் பேசும் தமிழ். நூல்களில் தமிழைக் கற்ற கணவருக்கு, பனையேறிகளின் வீட்டுப் பெண்கள் பேசும் தமிழின் நெளிவுசுளிவு கைவந்திருந்த மனைவி எத்துணைப் பெரிய துணை! மற்றொன்று, தாயிடம் கற்ற லேஸ் தொழில். வந்த சில காலத்திலேயே பெண்களுக்கு உணவுடன் தங்கிப் படிக்கும் பள்ளியை அவர் நடத்தத் தொடங்கினார். பெண்ணுக்கு எழுத்தறிவு எதற்கு என்று ஊரே கேட்ட காலம் அது. படிப்போடு ஒரு தொழிலும் கற்றுக் கூலியும் கொண்டு வந்த பெண்ணைக் கண்டபோது அக்கேள்வியின் வேகம் தணிந்திருக்கும் என்பது என் துணிபு. இடையன்குடி லேஸ் பெயர் பெற்றது. அப்பெண்களின் கைவேலை ஐரோப்பியர் இல்லங்களுக்கு விலைக்குச் சென்றது.

கணவர் ஊரையே ஒரு மாதிரித் தாளில் வரைந்தவர் போலத் திட்டமிட்டார். நேரான தெருக்கள், கிணறுகள், மரங்கள் என இடையன்குடி உருப்பெற்றது. அங்குள்ள பரிசுத்த திரித்துவ ஆலயம் 1847-ல் தொடங்கப்பெற்று 1880-ல்தான் நிறைவெய்தியது. முப்பத்துமூன்று ஆண்டுகள்! ஆலயச் சன்னல்களின் வடிவை உள்ளூர்க் கொத்தர்களுக்கு விளக்கக் கால்டுவெல் களிமண்ணில் மாதிரி செய்து காட்டினாராம். இக்காலத்திற்குள் ஒப்பிலக்கணம் வெளிவந்தது; அவர் 1877-ல் பேராயரானார்; 1876 முதல் 1878 வரை பெரும் பஞ்சம் தென்னாட்டை வாட்டியது. எலைசா அம்மையாரின் நாட்களோ பள்ளி, பிள்ளைகள், நோயாளிகள், லேஸ் திண்டுகள் என்று ஓடின. அவை எந்த நூலின் தலைப்புப் பக்கத்திலும் இடம் பெறுவன அல்ல.

1883-ல் அவர்கள் தூத்துக்குடிக்கு இடம் மாறினர். பின்னர் ஓய்வு பெற்றுக் கொடைக்கானல் சென்ற கால்டுவெல், 1891 ஆகஸ்டு 28-ல் அங்கே காலமானார். அவரது உடல் மலையிலிருந்து இறக்கப்பட்டு இடையன்குடி ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. எட்டு ஆண்டுகள் கழித்து, 1899-ல், எலைசா அம்மையாரும் மறைந்தார். அவரும் இடையன்குடி மண்ணிலேயே துயில் கொள்கிறார். ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பிறந்து, தமிழ் மண்ணில் வாழ்ந்து, தமிழ் மண்ணிலேயே கலந்த வாழ்வு அது.

இவ்வாழ்வைப் புகழ்ந்துவிட்டு மட்டும் செல்வது வரலாற்று மாணவிக்கு அழகன்று. மிஷன் பணியின் முதல் நோக்கம் சமயம் பரப்புதலே. அப்பெண்கள் பின்னிய லேஸ் பெரும்பாலும் அவர்கள் அணிந்து பார்க்காத உடைகளையே அலங்கரித்தது. நாள் முழுதும் குனிந்து நுண்ணிழை எண்ணிய அவர்களின் பெயர்களைத் தேடிப் பார்த்தேன். எனக்குக் கிட்டிய நூல்களில் மால்ட், கால்டுவெல் என்ற பெயர்களே இருந்தன. பின்னியவர்களின் பெயர்கள் இல்லை. இருப்பினும், பெண்ணின் உழைப்புக்குப் பெண்ணின் கையிலேயே காசு தரலாம் என்ற வழக்கத்தை ஒரு குக்கிராமத்தில் உண்டாக்கியது சிறிய செயல் அன்று. குறையும் நிறையும் ஒரே துணியின் முன்பக்கமும் பின்பக்கமும் போன்றவை. நல்ல தையல்காரர் துணியைத் திருப்பிப் பார்த்தே மதிப்பிடுவர் என்று அம்மா சொல்வார்.

உறவினர் திருமணம் ஒன்றுக்குத் திசையன்விளைப் பக்கம் செல்ல நேர்ந்தபோது இடையன்குடியையும் கண்டு வந்தேன். கால்டுவெல் வாழ்ந்த இல்லத்தை 2011-ல் தமிழக அரசு நினைவு இல்லமாக்கியுள்ளது. அவ்வீட்டின் வாயிலில் நின்றபோது என் எண்ணம் ஒப்பிலக்கணத்தின்பால் செல்லவில்லை. பகல் வெளிச்சம் நன்கு விழும் இடம் எது, திண்டுகளை வைத்துக்கொண்டு பெண்கள் எங்கே அமர்ந்திருப்பர் என்றே கண்கள் தேடின.

ஊர் திரும்பியதும் பெட்டியைத் திறந்து மயிலை வெளியில் எடுத்தேன். அம்மாவுக்கு இப்போது சிறு கட்டங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே அவர் சொல்லச் சொல்ல நான் தைத்தேன். துணியை நான்காக மடித்து நடுக்கட்டத்தைக் கண்டு அங்கிருந்து எண்ண வேண்டும். மேலே வரும் இழைகள் யாவும் ஒரே பக்கம் சாய வேண்டும். பின்புறம் முடிச்சுப் போடாமல் நூல் நுனியைத் தையலுக்குள் செருக வேண்டும். இவையெல்லாம் அப்போதுதான் எனக்குத் தெரிந்தன. முதல் வாரத்தில் நான் தைத்த மூன்று வரிசைகளை அம்மா விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் பிரிக்கச் சொன்னார். ஒரு கட்டம் தள்ளித் தொடங்கியிருந்தேன். பிரித்தேன்.

ஏழு மாதங்களில் மயில் நிறைந்தது. மென்மையான சோப்பு நீரில் அலசி, நிழலில் உலர்த்தி, தையல் நசுங்காதபடி கவிழ்த்துப் போட்டு இஸ்திரி செய்தோம். ஓரத்தில் விட்டிருந்த துணியை அட்டையின் பின்புறம் மடித்து, நூலால் இழுத்துக் கட்டினோம். கண்ணாடி தையலை அழுத்தாதிருக்க இடைவெளி விட்டுச் சட்டமிட்டோம். வெயில் பட்டால் சாயம் வெளுக்கும் என்பதால் உள்சுவரில் மாட்ட இடம் பார்த்தோம்.

ஆனால் வீட்டுக்கு முன் அது நம் கல்லூரிக்கு வந்தது. துறைக் கண்காட்சியில் என் கட்டுரையின் அருகே அதனை வைத்தேன். படத்தின் கீழே சிறு அட்டையில் அம்மாவின் முழுப் பெயரையும் எழுதினேன். மீதியைத் தைத்தது நான் என்பதால் என் பெயரையே போடுமாறு அம்மா வற்புறுத்தினார். நான் இணங்கவில்லை. இடையன்குடியில் பின்னியவர்களின் பெயர்களை எழுத அன்று எவரும் இல்லை. என் வீட்டில் எழுதப் படித்த மகள் ஒருத்தி இருக்கிறாள். அவளைப் படிக்க வைத்ததும் அந்த ஊசி பிடித்த கைதான்.

இப்போது என் பட்டப்படிப்பு முடிகிறது. கம்பெனிக்கு அனுப்பலாமே என்ற பழைய பேச்சு உறவினரிடையே மீண்டும் எழுந்துள்ளது. கம்பெனி வேலை இழிவன்று. எங்கள் வீட்டு அடுப்பு எரிவதே அதனால்தான். ஆயினும் ஆசிரியப் பயிற்சிக்கு விண்ணப்பிப்பது என்று நானும் அம்மாவும் முடிவு செய்திருக்கிறோம். செலவுக்கு இம்முறை நானும் குச்சுக் கட்டுகிறேன்.

நண்பர்களே, உங்கள் வீட்டுச் சுவரிலும் ஒரு கிளியோ, ஒரு மயிலோ, ஒரு பூக்கூடையோ தொங்கக்கூடும். இன்று வீடு சென்றதும் அதைத் தைத்தவர் யார், எந்த ஆண்டில், என்ன சூழ்நிலையில் என்று கேட்டறியுங்கள். கேட்டதை அதன் பின்புறத்தில் எழுதி வையுங்கள். வரலாற்றுக்கு அதுவும் ஒரு சான்றே.