ஜான் சேம்பர்ஸ் (ஒப்பனைக் கலைஞர்)

ஜான் சேம்பர்ஸ் (செப்டம்பர் 12, 1922 – ஆகஸ்ட் 25, 2001) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த ஒப்பனைக் கலைஞர் ஆவார். நுரை ரப்பரில் வார்த்த மூக்கு, காது, தாடை முதலியவற்றை நடிகரின் முகத்தில் ஒட்டி வேற்றுக்கோள் வாசிகளையும் விலங்கு மனிதர்களையும் உருவாக்கும் செயற்கை உறுப்பு ஒப்பனையின் முன்னோடிகளுள் இவர் ஒருவர். தமிழ்த் திரையுலகில் இக்கலை பிராஸ்தெட்டிக் மேக்கப் என்றே வழங்குகிறது. 1968ஆம் ஆண்டு வெளிவந்த பிளானட் ஆஃப் தி ஏப்ஸ் திரைப்படத்துக்காக இவருக்குச் சிறப்பு ஆஸ்கார் விருது வழங்கப்பட்டது. தெஹ்ரானில் சிக்கிய ஆறு அமெரிக்கர்களை மீட்ட இரகசிய நடவடிக்கையில் இவர் ஆற்றிய பங்கு 1997 வரை வெளியுலகுக்குத் தெரியாது.

இளமையும் மருத்துவமனைப் பணியும்

சேம்பர்ஸ் சிகாகோ நகரில் அயர்லாந்து வழிவந்த குடும்பத்தில் பிறந்தார். வணிக ஓவியம் பயின்ற இவர், தொடக்கத்தில் நகைகளுக்கும் கம்பளங்களுக்கும் வடிவமைப்புகள் வரைந்து வந்தார். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கத் தரைப்படையில் பல் மருத்துவத் தொழில்நுட்பராகப் பணியாற்றினார். வாய்க்கு அச்செடுத்துப் பற்களை வார்க்கும் வேலைக்கும் முகத்துக்கு அச்செடுத்து மூக்கை வார்க்கும் வேலைக்கும் அடிப்படை ஒன்றே ஆதலால், இப்பயிற்சியே இவருடைய பிற்கால வாழ்வைத் தீர்மானித்தது எனலாம்.

போர் முடிந்தபின் இல்லினாய் மாநிலத்தின் ஹைன்ஸ் படைவீரர் மருத்துவமனையில் சேர்ந்தார். குண்டடியிலும் தீயிலும் முகம் சிதைந்த வீரர்களுக்குச் செயற்கை மூக்கு, காது, மோவாய் ஆகியவற்றைச் செய்து கொடுப்பது இவருடைய வேலை. திரையில் ஒப்பனை சில மணி நேரம் தாக்குப்பிடித்தால் போதும். அதையும் ஒளியமைப்பாளர் காப்பாற்றிக் கொடுப்பார். ஒரு படைவீரரின் மூக்கோ பகல் வெளிச்சத்தில், பேருந்தில் எதிர் இருக்கையில் அமர்ந்திருப்பவர் திரும்பிப் பார்க்காத அளவுக்கு இயல்பாக இருக்க வேண்டும். தோலின் நிறம் ஒரே சீரானதன்று என்பதையும், ஒட்டும் விளிம்பு கண்ணுக்குத் தெரியாமல் மெலிந்து மறைய வேண்டும் என்பதையும் சேம்பர்ஸ் இங்கேதான் கற்றார். ஏறத்தாழ இதே காலத்தில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் உருமாறிய கைகளையும் முகங்களையும் அறுவை மருத்துவம் மூலம் சீரமைக்கத் தொடங்கியிருந்தார். இருவர் கையாண்ட வழிகளும் வேறு. ஆனால் முகம் இழந்தவர் மீண்டும் தெருவில் நடமாட வேண்டும் என்ற நோக்கம் இருவருக்கும் பொதுவானது.

தொலைக்காட்சிப் பணி

1953ஆம் ஆண்டு சேம்பர்ஸ் என்.பி.சி. தொலைக்காட்சியில் ஒப்பனைக் கலைஞராகச் சேர்ந்தார். அக்காலத்தில் நாடகங்கள் பெரும்பாலும் நேரடியாக ஒளிபரப்பாயின. ஒட்டிய மூக்கு பாதியில் கழன்றால் மறுபடி எடுக்க வாய்ப்பில்லை. சுமார் ஆறு ஆண்டுகளுக்குப் பின் யுனிவர்சல் நிறுவனத்தின் ஒப்பனைக் கூடத்துக்கு மாறினார். 1963இல் வெளியான தி லிஸ்ட் ஆஃப் ஏட்ரியன் மெசெஞ்சர் திரைப்படத்தில் புகழ்பெற்ற நடிகர்கள் அடையாளம் தெரியாத முகங்களுடன் தோன்றினர். அம்முகங்களை உருவாக்கியதில் பெரும்பங்கு சேம்பர்ஸுடையது. ஆயினும் திரையில் துறைத் தலைவர் பட் வெஸ்ட்மோரின் பெயரே இடம்பெற்றது. அக்கால ஹாலிவுட் வழக்கம் அதுவே: வார்த்தவர் யாராயினும் பெயர் தலைவருக்கு.

தி மன்ஸ்டர்ஸ், தி அவுட்டர் லிமிட்ஸ், லாஸ்ட் இன் ஸ்பேஸ், மிஷன் இம்பாஸிபிள் ஆகிய தொலைக்காட்சித் தொடர்களிலும் இவருடைய கைவண்ணம் உண்டு. எனினும் உலகெங்கும் அறியப்பட்டது, 1966இல் தொடங்கிய ஸ்டார் டிரெக் தொடரில் ஸ்பாக் என்னும் வல்கன் கோள் பாத்திரத்தின் கூர்ங்காதுகளே. இக்காதுகளை இவர் ஒருவரே படைத்தார் எனப் பல இடங்களில் எழுதப்படுகிறது; அது முற்றிலும் சரியன்று. தொடரின் ஒப்பனைப் பொறுப்பாளர் பிரெட் பிலிப்ஸ். முன்னோட்டப் படத்துக்காகச் செய்யப்பட்ட முதற்காதுகள் திருப்தியளிக்காமல் வெவ்வேறு கூடங்களில் மாற்றி மாற்றி முயலப்பட்டன. தொடருக்குக் காது வார்த்தவர்களுள் முதன்மையானவர் சேம்பர்ஸ் என்பதே பொருத்தமான கூற்றாகும். லெனார்ட் நிமாய் அணிந்த இக்காதுகள் கழற்றும்போது விளிம்பு கிழிந்துவிடுமாதலால், ஒரு சோடி சில நாட்களுக்கு மேல் உழைக்காது. அச்சு மட்டும் பத்திரமாக இருந்தால் புதிய சோடிகளை வார்த்துக்கொண்டே இருக்கலாம்.

செய்முறை

முதலில் பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் ஆல்ஜினேட் குழைவை நடிகரின் முகத்தில் பூசி அச்செடுப்பர்; மூச்சு விட மூக்குத் துளைகள் மட்டும் திறந்திருக்கும். அவ்வச்சில் பாரிஸ் சாந்தை ஊற்றினால் நடிகரின் முகம் அப்படியே சிலையாகக் கிடைக்கும். சிலையின் மீது களிமண்ணால் வேண்டிய உருவத்தைச் செதுக்கி, அதன்மேல் மற்றோர் அச்செடுப்பர். பிறகு களிமண்ணை நீக்கிவிட்டால், சிலைக்கும் வெளியச்சுக்கும் இடையே களிமண் இருந்த இடம் வெற்றிடமாகும். ரப்பர் பாலை முட்டையடிப்பதுபோல் நுரைக்க அடித்து அவ்விடத்தில் நிரப்பி, அடுப்பில் மணிக்கணக்கில் வேகவைத்தால் பஞ்சு போன்ற மெல்லிய உறுப்பு கிடைக்கும். இதன் உட்புறம் நடிகரின் முகத்தோடும் வெளிப்புறம் பாத்திரத்தின் முகத்தோடும் பொருந்தும். ஒருவருக்குச் செய்தது இன்னொருவருக்குப் பொருந்தாது.

பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்

குரங்குகள் ஆளும் உலகைக் காட்டும் இப்படத்தை ஆர்தர் ஜேக்கப்ஸ் தயாரித்தார். பார்வையாளர் சிரித்துவிடுவார்களோ என்பதே டுவென்டியெத் சென்சுரி பாக்ஸ் நிறுவனத்தின் அச்சம். சேம்பர்ஸ் விலங்குக்காட்சி சாலையில் குரங்குகளின் முகபாவங்களைக் கவனித்தார். ஆதிமனிதனை ஒத்த முகத்தை முதலில் முயன்று பின் கைவிட்டார்.

அவர் எதிர்கொண்ட உண்மையான சிக்கல் தோற்றம் அன்று, அசைவு. முழு முகமூடி அணிந்தால் குரங்கு கிடைக்கும். ஆனால் நடிகர் காணாமற்போவார். எனவே சேம்பர்ஸ் முகத்தை மேல் பகுதி, மோவாய்ப் பகுதி எனத் தனித்தனியாக வார்த்து, உள்ளிருக்கும் தசை அசைந்தால் ரப்பரும் அசையுமாறு ஒட்டினார். கண்கள் நடிகருடையவை. கொர்னேலியஸாக நடித்த ராடி மெக்டவால், முகத்தை ஓயாமல் சிறிது துடிக்கச் செய்துகொண்டே இருந்தால்தான் ஒப்பனை உயிருள்ளதாகத் தெரியும் என்பதைக் கண்டுகொண்டார்.

தொடக்கத்தில் ஒருவருக்கு ஆறு மணி நேரம் பிடித்த இவ்வொப்பனை, பயிற்சிக்குப் பின் மூன்று மணி நேரம் அளவுக்குக் குறைந்தது. இதற்கென ஏராளமான கலைஞர்களைச் சேம்பர்ஸ் பயிற்றுவித்தார். நடிகர்கள் உறிஞ்சுகுழல் வழியே குடித்தனர். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே உண்டனர். உணவு இடைவேளையில் கொரில்லாக்கள் கொரில்லாக்களுடனும் சிம்பன்சிகள் சிம்பன்சிகளுடனும் தாமாகவே பிரிந்து அமர்ந்தனர் என்பது படப்பிடிப்பில் இருந்த பலரும் சொல்லியுள்ள செய்தி.

அப்போது ஒப்பனைக்கென ஆஸ்காரில் தனிப்பிரிவு இல்லை. 1969 ஏப்ரல் மாதம் சேம்பர்ஸுக்குச் சிறப்பு விருது வழங்கப்பட்டது. இவருக்கு முன் வில்லியம் டட்டில் என்பவர் மட்டுமே ஒப்பனைக்காக இவ்வாறு சிறப்பிக்கப்பட்டிருந்தார். அதே ஆண்டுக்குரிய 2001: எ ஸ்பேஸ் ஒடிசி படத்தின் வாலில்லாக் குரங்குகளுக்கு விருது கிடைக்கவில்லை. அவை நடிகர்கள் என்பதை நடுவர்கள் உணராமல் இருந்திருக்கக்கூடும் என்று, கொழும்பில் வாழ்ந்த அப்படத்தின் கதாசிரியர் ஆர்தர் சி. கிளார்க் பின்னர் வேடிக்கையாகக் குறிப்பிட்டார். தனிப்பிரிவு 1981ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் ஏற்பட்டது.

1967இல் கலிபோர்னியக் காட்டில் படமாக்கப்பட்டதாகச் சொல்லப்படும் பிக்ஃபூட் என்னும் மனிதக்குரங்கு, உண்மையில் சேம்பர்ஸ் தைத்த உடையே என்ற வதந்தி நெடுங்காலம் உலவியது. தாம் நல்ல கலைஞர்தான் என்றாலும் அந்த அளவுக்கு நல்லவர் அல்லர் என்று சொல்லி அவர் அதை மறுத்தார்.

தெஹ்ரான் நடவடிக்கை

1970களில் சேம்பர்ஸ், அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.வின் மாறுவேடப் பிரிவுக்கு உதவி வந்தார். 1979 நவம்பர் 4 அன்று தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டபோது தப்பிய ஆறு பேர் கனடாத் தூதரக அதிகாரிகளின் இல்லங்களில் மறைந்திருந்தனர். அவர்களைப் படப்பிடிப்புக்கு இடம் தேடி வந்த கனடாத் திரைப்படக் குழுவினராகக் காட்டி வெளியேற்ற டோனி மெண்டஸ் என்ற அதிகாரி திட்டமிட்டார். இதற்காகச் சேம்பர்ஸும் ஒப்பனைக் கலைஞர் பாப் சைடலும் ஹாலிவுட்டில் ஸ்டுடியோ சிக்ஸ் என்ற போலி நிறுவனத்தைத் தொடங்கி, தொலைபேசி இணைப்புடன் அலுவலகமும் திரைப்பட இதழ்களில் விளம்பரமும் ஏற்பாடு செய்தனர்.

படத்துக்கு ஆர்கோ எனப் பெயரிட்டனர். கதை புதிதாக எழுதப்பட்டதன்று. ரோஜர் செலாஸ்னியின் லார்ட் ஆஃப் லைட் (1967) என்ற அறிவியல் புனைகதையைப் படமாக்கும் முயற்சி ஒன்று முன்னரே கைவிடப்பட்டிருந்தது. அதற்கு ஒப்பனையாளராக அமர்த்தப்பட்டிருந்த சேம்பர்ஸிடம் அதன் திரைக்கதை இருந்தது. வேற்றுக்கோள் ஒன்றில் மனிதர்கள் பிரம்மா, யமன், காளி என இந்துக் கடவுளராக வேடம் பூண்டு ஆள்வதே அந்நாவலின் கரு. போலி நிறுவனத்தை உண்மையென நம்பிப் பலர் கதைகளை அனுப்பினர் என்பது குறிப்பிடத்தக்கது. 1980 ஜனவரி இறுதியில் அறுவரும் விமானம் ஏறிச் சுவிட்சர்லாந்து சேர்ந்தனர்.

இப்பணிக்காக சி.ஐ.ஏ. இவருக்குப் பதக்கம் அளித்தது. நடவடிக்கை இரகசியமாக இருந்ததால் அதைப் பற்றி வெளியில் பேச இயலவில்லை. 2012இல் வெளிவந்து சிறந்த படத்துக்கான ஆஸ்கார் பெற்ற ஆர்கோ திரைப்படத்தில் சேம்பர்ஸாக ஜான் குட்மன் நடித்தார். அதைக் காணச் சேம்பர்ஸ் இல்லை. நீரிழிவு நோயின் விளைவுகளால் அவர் 2001ஆம் ஆண்டே, லாஸ் ஏஞ்சலஸ் நகரின் உட்லண்ட் ஹில்ஸ் பகுதியில் உள்ள திரைத்துறையினருக்கான முதியோர் இல்லத்தில் காலமாகியிருந்தார்.

தமிழ்த் திரையுலகத் தொடர்பு

சேம்பர்ஸ் தமிழ்ப் படம் எதிலும் பணியாற்றியதில்லை. 1961இல் யுனிவர்சலில் பயிற்சியாளராகச் சேர்ந்து இவரிடம் தொழில் கற்ற மைக்கேல் வெஸ்ட்மோர், 1987 முதல் 2005 வரை ஸ்டார் டிரெக் தொடர்களின் வேற்றுக்கோள் வாசிகளுக்கு ஒப்பனைப் பொறுப்பாளராக விளங்கினார். இந்தியன் (1996) படத்தின் முதியவர் சேனாபதி, அவ்வை சண்முகி (1996) படத்தின் மாமி, தசாவதாரம் (2008) படத்தின் பத்து வேடங்கள் ஆகியவற்றுக்காகக் கமல்ஹாசனின் முகத்தில் நுரை ரப்பர் உறுப்புகளைப் பொருத்தியவர் இவரே.