ஸ்டேஷன் பேரே ஒரு நாவல்தான்! எடின்பரோவில் ஒரு நாள்... வால்டர் ஸ்காட்டோடு!

குடும்பத்தோடு ஸ்காட்லாந்து போறீங்க, எடின்பரோவுக்கு ஒரே ஒரு நாள்தான் ஒதுக்க முடிஞ்சதுன்னு வெச்சுக்கோங்க. லண்டன் ரயில் உங்களை இறக்கிவிடும் ஸ்டேஷனின் பெயர் வேவர்லி. அது ராஜா பேரும் இல்லை, ஊர்ப் பேரும் இல்லை. 1814-ல் வெளியான ஒரு நாவலின் தலைப்பு. எழுதியவர் சர் வால்டர் ஸ்காட்.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் கோயில் கோபுரம் மாதிரி கருத்த கல்லில் 61 மீட்டர் உயரத்துக்கு ஒன்று நிற்கும். அதுவும் இவருக்காகக் கட்டியதுதான். பசங்க உடனே ஏறணும்னு அடம்பிடிப்பாங்க. 287 படி. சாயங்காலத்துக்கு வெச்சுக்கலாம்னு சொல்லிட்டு, முதலில் பழைய ஊர்ப் பக்கம் மேடேறுங்க.

செயின்ட் கைல்ஸ் தேவாலயத்துக்குப் பக்கத்தில் தரையில் கற்களால் பதித்த ஓர் இதயம் இருக்கும். உள்ளூர்க்காரர்கள் அதன் மேல் எச்சில் துப்பிவிட்டுப் போவதைப் பார்த்து முகம் சுளிக்காதீங்க, அது இங்கே வழக்கம். பழைய டோல்பூத் சிறை இருந்த இடம் அது. சிறையை 1817-ல் இடித்தார்கள். அடுத்த வருடமே அந்தச் சிறையை வைத்து ஸ்காட் ஒரு நாவல் எழுதினார். அதோடு விட்டாரா? சிறையின் கதவையே கேட்டு வாங்கிக்கொண்டார். அது இப்போ எங்கே இருக்குன்னு கடைசியில் சொல்றேன்.

இன்னும் கொஞ்சம் மேலே போனால், லேடி ஸ்டேர்ஸ் சந்துக்குள் எழுத்தாளர் மியூசியம். டிக்கெட் கிடையாது. அங்கே இருக்கும் மரக்குதிரையை மட்டும் நின்று பாருங்க. குழந்தைகள் உட்கார்ந்து ஆடுற குதிரைதான். ஆனால், கால் வைக்கும் கட்டைகள் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்காது. 1771 ஆகஸ்ட் 15-ல் இந்த ஊரில் பிறந்த ஸ்காட்டுக்கு, ஒன்றரை வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து வலது கால் சூம்பிவிட்டது. அவருக்கு முன் பிறந்த பிள்ளைகளில் ஆறு பேரைக் குழந்தைப் பருவத்திலேயே பறிகொடுத்த வீடு அது. இந்தப் பிள்ளையாவது தங்கட்டும் என்று, கிராமத்தில் இருந்த தாத்தாவின் பண்ணைக்கு அனுப்பினார்கள். அப்போது உரித்த ஆட்டுத் தோலைச் சுற்றிப் படுக்க வைப்பதெல்லாம் அன்றைய வைத்தியம். கால் சரியாகவில்லை. ஆனால், தாத்தா வீட்டிலும் அத்தையிடமும் கேட்ட எல்லைப்புறச் சண்டைக் கதைகளும் பாட்டுகளும் அப்படியே மனசில் தங்கிவிட்டன. ஓடியாட முடியாத குழந்தைக்கு வேற என்ன வேலை!

பிறகு அப்பாவைப் போலவே சட்டம் படித்தார், 1792-ல் வக்கீல் ஆனார், கல்யாணம் செய்தார், கோர்ட்டில் உத்தியோகம் பார்த்தார். நடுவில் எழுதிய கவிதைப் புத்தகங்கள் சக்கைப்போடு போட்டன. 1810-ல் ஒரு ஏரியை வைத்து எழுதினார். அதைப் பார்க்கவே ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். ரீல்ஸ் பார்த்துட்டு மலையேறுற நம்ம கதைதான்.

அடுத்து கோட்டை. அங்கே கண்ணாடிக்குள் கிரீடம், செங்கோல், வாள் மூன்றும் இருக்கும். 1707-ல் ஸ்காட்லாந்தின் பாராளுமன்றம் இங்கிலாந்தோடு இணைந்தபோது, அவற்றை ஒரு பெட்டிக்குள் வைத்துப் பூட்டி அறையை அடைத்துவிட்டார்கள். நூறு வருடத்துக்கு மேல் யாரும் தொடவில்லை. உள்ளே ஒண்ணுமே இல்லை, தூக்கிட்டுப் போயிட்டாங்கன்னுகூட ஊரில் பேச்சு. அரச அனுமதி வாங்கி 1818 பிப்ரவரியில் பெட்டியைத் திறந்தபோது முன்னால் நின்றவர்களில் ஸ்காட்டும் ஒருவர். மூன்றும் பத்திரமாக இருந்தன.

மலையிறங்கிப் புது ஊருக்கு வாங்க. காஸில் தெரு, 39-ம் நம்பர் வீடு. இந்த வீட்டு வாசலில்தான் நான் உங்களைக் கொஞ்ச நேரம் நிறுத்தப் போறேன்.

1814 கோடையில், பின்பக்கத்து வீடு ஒன்றில் சில இளைஞர்கள் கூடிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவனுக்கு மட்டும் முகமே சரியில்லை. எதிர் ஜன்னலில் ஒரு கை தெரிகிறது. எழுதுகிறது, தாளைத் தள்ளுகிறது, அடுத்த தாள். விளக்கு ஏற்றிய பிறகும் நிற்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு தன்னால் குடிக்க முடியவில்லை என்று அவன் இடம் மாறி உட்காரக் கேட்டானாம். அந்தக் கை எழுதியது வேவர்லி நாவலை. புத்தகத்தில் பெயர் போடவில்லை. அடுத்தடுத்த நாவல்களிலும் அப்படித்தான். 1827 வரை தான்தான் எழுதியதென்று ஊரறிய அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை.

அதைவிடப் பெரிய ரகசியம் ஒன்றும் இருந்தது. தன் புத்தகங்களை அச்சிட்ட பாலன்டைன் அச்சகத்தில் அவர் மறைமுகப் பங்குதாரர். ட்வீட் ஆற்றங்கரையில் நிலமாக வாங்கிக் குவித்து அபட்ஸ்ஃபோர்டு என்ற மாளிகையும் கட்டினார். பணம்? எழுதாத நாவலுக்கு முன்பணம். பதிப்பகமும் அச்சகமும் மாறி மாறி ஒருவருக்கொருவர் ஜாமீன் போட்ட கடன் சீட்டுகள். அவர் ஒன்றும் ஏமாந்த அப்பாவி இல்லை, தெரிந்தே ஆடிய ஆட்டம். 1826 ஜனவரியில் லண்டன் கம்பெனி ஒன்று விழ, சீட்டுக்கட்டு மாதிரி எல்லாம் சரிந்தது. ஸ்காட்டின் தலையில் விழுந்தது சுமார் 1,20,000 பவுண்டு. இன்றைய மதிப்பில் பல மில்லியன்.

வயது 54. மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டுப் போயிருக்கலாம், சட்டத்தில் இடம் இருந்தது. உதவ வந்த நண்பர்களும் உண்டு. இரண்டையும் மறுத்துவிட்டு, எழுதியே அடைக்கிறேன் என்று கடன்காரர்களிடம் ஒப்பந்தம் போட்டார். இந்த 39-ம் நம்பர் வீடு கையை விட்டுப் போனது. நாலே மாதத்தில், மே மாதம், மனைவி சார்லட் இறந்துபோனார். அவர் வாடகை அறையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருந்தார். நெப்போலியன் வாழ்க்கை வரலாறு மட்டும் ஒன்பது தொகுதி. இரண்டு வருடத்தில் சுமார் 40,000 பவுண்டு அடைத்தார். 1830-ல் பக்கவாதம் தாக்கிய பிறகும் பேனாவைக் கீழே வைக்கவில்லை. அந்த டிசம்பரில் கடன்காரர்களே ஒன்றுகூடி அவரது நூலகத்தையும் வீட்டுச் சாமான்களையும் அவருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். 1832 செப்டம்பர் 21-ல் அபட்ஸ்ஃபோர்டில் இறந்தார். மிச்சக் கடன், அவர் இறந்த பிறகு, புத்தக உரிமைகளை வைத்து அடைந்தது.

மணி நாலாகியிருக்கும். இப்போ கோபுரத்துக்கு வாங்க. பாட்டிக்குப் பக்கத்துப் பூங்காவில் பெஞ்ச் பிடிச்சுக் கொடுத்துட்டு, பசங்களோட ஏறுங்க. உச்சியை நெருங்க நெருங்கப் படி ரொம்பக் குறுகும், முதுகுப்பை வேண்டாம். கீழே வெள்ளைப் பளிங்கில் ஸ்காட், காலடியில் அவரது நாய் மைடா. கோபுரத்தை வடிவமைத்த ஜார்ஜ் மெய்க்கிள் கெம்ப் தச்சு வேலை செய்தவர். 1844-ல், வேலை முடியும் முன்பே கால்வாயில் விழுந்து இறந்துபோனார்.

இறங்கினதும் பசங்களுக்கு ஐஸ்க்ரீம் வாங்குங்க. மீதிச் சில்லறையில் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து நோட்டு வந்தால் உற்றுப் பாருங்க, அதிலும் ஸ்காட் முகம்தான். ஸ்காட்லாந்து வங்கிகள் ஒரு பவுண்டு நோட்டு அடிக்கக் கூடாது என்று அரசு சொன்னபோது, எதிர்த்து எழுதி அதை நிறுத்த வைத்தவர் அவர். அதுவும் 1826-ல், தன் கையில் காசில்லாத அதே வருடம்.

அந்தச் சிறைக் கதவு? அபட்ஸ்ஃபோர்டு சுவரில் பதித்திருக்கு. இன்னொரு நாள் கிடைச்சா, வேவர்லியில் இருந்து ட்வீட்பேங்க் ரயிலைப் பிடிங்க. ஒரு மணி நேரம்தான், அங்கிருந்து நடந்தே போயிடலாம்.