கோட்டைக் கொண்டு ஒளியை ஆராய்ந்தவர்

சாதாரண தரக் கணித வினாத்தாளில் தேற்றத்தை நிறுவச் சொல்லும் வினாவைக் கண்டதும் அதைத் தாண்டி அடுத்த பக்கத்தைப் புரட்டும் தோழிகள் எங்களில் பலர். கேத்திரகணிதத்தால் என்ன பயன் என்று அவர்கள் கேட்கும்போதெல்லாம் நான் ஒருவரின் வரலாற்றைத்தான் சொல்வேன். யூக்கிளிட்டின் நூலைக் கையால் பிரதி செய்து விற்று, அந்த வருமானத்தில் வாழ்ந்தவர் அவர். நாம் எவ்வாறு பார்க்கிறோம் என்பதை அந்த நூலின் கோடுகளைக் கொண்டே ஆராய்ந்தவரும் அவர்தான்.

அபூ அலீ அல்-ஹஸன் இப்னு அல்-ஹைதம் கி.பி. 965 அளவில் ஈராக்கின் பஸ்ரா நகரில் பிறந்தார். அவர் பிறப்பதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே, யூக்கிளிட்டின் 13 பாக நூல் அரபு மொழிக்கு வந்துவிட்டது. புள்ளி, கோடு, வட்டம் என்று தொடங்கி, ஏற்கெனவே நிறுவியதை மட்டும் கொண்டு அடுத்ததை நிறுவிச் செல்லும் நூல் அது. அன்று கணிதம் கற்க விரும்பிய எவரும் அதைக் கடந்தே செல்ல வேண்டியிருந்தது.

அவருடைய வாழ்க்கையில் எல்லோரும் விரும்பிச் சொல்லும் பகுதி நைல் நதிக் கதை. அதை எழுதிவைத்த அல்-கிப்தி என்பவர் 200 ஆண்டுகள் பிந்தியவர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு வாசிப்பது நல்லது. நைல் பெருகினாலும் வற்றினாலும் எகிப்து மக்களுக்குப் பயன்படும்படி அதைக் கட்டுப்படுத்தத் தன்னால் முடியும் என்று இப்னு அல்-ஹைதம் சொன்னாராம். அது கெய்ரோவை ஆண்ட பாத்திமிய கலீபா அல்-ஹாகிமின் காதுக்கு எட்டியது. கலீபா அவரை அழைத்து, வேலையாட்களையும் கொடுத்துத் தெற்கே அனுப்பினார்.

நதியோரமாகச் சென்றவர் வழியெல்லாம் பண்டைய எகிப்தியரின் கட்டடங்களைக் கண்டார். அவற்றின் அளவுகளில் இருந்த நேர்த்தி ஒரு கேத்திரகணித அறிஞரின் கண்ணுக்குத் தப்பவில்லை. இத்தனை நுட்பமாகக் கட்டத் தெரிந்தவர்கள், நதியை அடக்க முடியுமென்றால் அதை எப்போதோ செய்திருப்பார்கள் என்று அவருக்குப் பட்டது. அஸ்வானுக்கு அருகில் நதி வீழ்ந்து பாயும் இடத்தைப் பார்த்ததும் அந்த எண்ணம் உறுதியானது. திரும்பி வந்து, முடியாது என்று சொன்னார்.

கலீபா அப்போது தண்டிக்கவில்லை. ஓர் அரச பதவியும் கொடுத்தார். ஆனால் அல்-ஹாகிம் எந்த நேரத்தில் என்ன செய்வார் என்று எவராலும் சொல்ல முடியாது. உயிருக்கு அஞ்சிய இப்னு அல்-ஹைதம் புத்தி பேதலித்தவரைப் போல நடித்தார். அவருடைய உடைமைகள் எடுக்கப்பட்டன. அவரும் ஒரு வீட்டுக்குள் அடைக்கப்பட்டார். இவ்வளவு பெரிய அறிஞர் இப்படி நடிக்கலாமா என்று என் தங்கை கேட்டாள். அவர் இருந்த இடத்தில் நாம் இருந்ததில்லை என்பதைத் தவிர என்னிடம் வேறு பதில் இருக்கவில்லை. 1021 இல் ஓர் இரவு முகத்தம் குன்றுகளின் பக்கம் சென்ற அல்-ஹாகிம் திரும்பி வரவேயில்லை. அதன் பிறகே அறிஞர் வெளியே வந்தார்.

இனி அரச பதவி வேண்டாம் என்று முடிவு செய்தார் போலும். அல்-அஸ்ஹர் பள்ளிவாசலின் வாயிலருகே ஒரு சிறிய இடத்தில் தங்கினார். ஆண்டுதோறும் யூக்கிளிட்டின் நூலையும், தொலமியின் வானியல் நூலையும், இவை இரண்டுக்கும் இடையில் கற்கும் கணித நூல்களின் தொகுப்பையும் எழுதி முடித்து 150 தீனாருக்கு விற்பார். அந்த ஆண்டு முழுவதற்கும் அதுதான் அவருடைய செலவுக்குப் பணம். ஒரே தேற்றத்தை ஆண்டுக்கு ஒரு முறை கையால் எழுதும் ஒருவருக்கு அதன் எந்த வரி உறுதியானது, எந்த வரி தடுமாறுகிறது என்பது தெரியாமல் போகுமா? யூக்கிளிட்டின் அடிப்படைகளுக்கு ஓர் உரையும், அவருடைய நூலில் எழும் ஐயங்களைத் தீர்க்கும் இன்னொரு நூலும் அவர் எழுதியதில் எனக்கு வியப்பில்லை.

அவருடைய கேத்திரகணிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது பிறைகள் பற்றிய முடிவு. கொப்பியை எடுத்து நீங்களும் வரைந்து பாருங்கள். பக்கங்கள் 6, 8, 10 சென்ரிமீற்றர் கொண்ட செங்கோண முக்கோணி ஒன்று. செம்பக்கத்தை விட்டமாகக் கொண்டு, செங்கோண உச்சியினூடாகச் செல்லும் அரைவட்டம் ஒன்றை வரையுங்கள். மற்றைய இரு பக்கங்களின் மீதும் வெளிப்புறமாக இரண்டு அரைவட்டங்களை வரையுங்கள். பெரிய அரைவட்டத்துக்கு வெளியே இரண்டு பிறைகள் தெரியும். சிறிய அரைவட்டங்களின் பரப்பளவுகள் 4.5π, 8π, கூட்டினால் 12.5π. பெரிய அரைவட்டமும் 12.5π தான், பைதகரஸ் தேற்றம் வேறு உருவில் வந்திருக்கிறது. பொதுவான பகுதிகளை நீக்கினால், இரண்டு பிறைகளும் சேர்ந்து முக்கோணியின் பரப்பளவான 24 சதுர சென்ரிமீற்றருக்குச் சமமாகின்றன. வளைந்த விளிம்புகளுக்குள் இருந்த π எங்கோ போய்விட்டது!

கோடுகளை அவர் தாளோடு நிறுத்திக்கொள்ளவில்லை. கண்ணிலிருந்து கதிர்கள் புறப்பட்டுச் சென்று பொருளைத் தொடுவதால்தான் பார்க்கிறோம் என்று யூக்கிளிட்டும் தொலமியும் எழுதியிருந்தனர். இப்னு அல்-ஹைதம் 7 பாகங்களில் எழுதிய கிதாபுல் மனாழிர் என்ற ஒளியியல் நூலில் இதை மறுத்தார். கடும் வெளிச்சம் கண்ணை வருத்துகிறது என்றால் ஏதோ ஒன்று வெளியிலிருந்து கண்ணுக்குள் வருகிறது என்றுதானே பொருள்? ஆனால் யூக்கிளிட்டின் வரைபடத்தை அவர் கிழித்து வீசவில்லை. அதே நேர்கோடுகள், அதே கூம்பு. கதிர் செல்லும் திசையை மட்டும் மாற்றினார்.

மாற்றியவுடன் ஒரு புதிய சிக்கல் வந்தது. பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் எல்லாத் திசைகளிலும் ஒளி வந்தால், கண்ணின் ஒவ்வோர் இடத்திலும் எல்லாப் புள்ளிகளும் கலந்துவிடுமே! கண்ணின் மேற்பரப்பில் செங்குத்தாக விழும் கதிர் மட்டுமே பார்வைக்கு உதவுகிறது என்று அவர் விடை சொன்னார். ஒரு புள்ளியிலிருந்து அப்படி ஒரு கதிர்தான் வர முடியும். இந்த விடை முழுமையானதல்ல. விழித்திரையில் விம்பம் விழுவதை 1604 இல் கெப்ளர் விளக்கினார். அந்தக் கெப்ளர் பாடம் கற்ற நூல்களில் இப்னு அல்-ஹைதமின் இலத்தீன் மொழிபெயர்ப்பும் ஒன்று.

ஒளித்தெறிப்பில் அவர் எடுத்துக்கொண்ட ஒரு கணக்கு இன்றும் அவருடைய பெயராலேயே அழைக்கப்படுகிறது. கரம் விளையாடுபவர்களுக்கு அது எளிதில் புரியும். பலகையின் நேரான விளிம்பில் அடித்துக் காயைத் தொட வேண்டுமானால், விளிம்புக்கு அப்பால் அந்தக் காயின் விம்பம் இருப்பதாக நினைத்து நேர்கோடு போட்டால் போதும். பலகை வட்டமாக இருந்தால் எந்த இடத்தில் அடிப்பது? கோள ஆடியில் ஒளி எந்தப் புள்ளியில் தெறித்துக் கண்ணை அடைகிறது என்பதும் இதே கேள்விதான். அவர் வட்டத்தையும் அதிபரவளைவையும் ஒன்றையொன்று வெட்டச் செய்து விடை கண்டார். அடிமட்டமும் கவராயமும் மட்டும் இதற்குப் பொதுவாகப் போதா என்பதை ஒக்ஸ்போர்ட் கணித அறிஞர் பீற்றர் நியூமன் 1997 இல் நிறுவினார்.

யூக்கிளிட்டின் சமாந்தரக் கோடுகள் பற்றிய எடுகோளையும் அவர் விட்டுவைக்கவில்லை. மூன்று கோணங்கள் செங்கோணமாக உள்ள நாற்பக்கலில் நான்காவது கோணம் என்னவாக இருக்க வேண்டும் என்று கேட்டு, அதுவும் செங்கோணமே என்று நிறுவ முயன்றார். ஒரு கோட்டின் மீது செங்குத்தாக நின்றபடி நகரும் துண்டின் மேல்முனை நேர்கோட்டையே வரையும் என்பது அவருடைய வாதம். கேத்திரகணிதத்துக்குள் அசைவைக் கொண்டுவரலாமா என்று பின்னர் உமர் கையாம் ஆட்சேபித்தார். 19 ஆம் நூற்றாண்டில் லொபசேவ்ஸ்கியும் போலியாயும் அந்த நான்காவது கோணம் கூர்ங்கோணமாக உள்ள கேத்திரகணிதத்தையே உருவாக்கினார்கள். வளைந்த வெளியின் கேத்திரகணிதத்தைக் கொண்டு 1915 இல் ஐன்ஸ்டைன் ஈர்ப்பை விளக்கினார். 1919 ஆம் ஆண்டின் சூரிய கிரகணத்தின்போது, சூரியனுக்கு அருகால் வந்த நட்சத்திர ஒளியின் பாதை வளைந்திருந்தது அளந்து காணப்பட்டது. கிரகணத்தின்போது துளையினூடாக விழும் விம்பத்தின் வடிவத்தைப் பற்றித் தனி நூலே எழுதியவர் இதைக் கேள்விப்பட்டிருந்தால் முதலில் எந்தப் படத்தை வரைந்திருப்பார் என்று நான் யோசிப்பதுண்டு.

அவர் கி.பி. 1040 அளவில் கெய்ரோவில் வபாத்தானார். அவர் பிரதி செய்த யூக்கிளிட் நூல்களின் கதி எப்படியோ, அதிபரவளைவு முதலிய வளைவுகளைப் பற்றிய அப்பொலோனியஸின் நூலுக்கு அவர் தன் கையால் எழுதிய பிரதி ஒன்று மட்டும் இஸ்தான்பூலில் பாதுகாக்கப்பட்டு வருகிறது. ஹிஜ்ரி 415, அதாவது கி.பி. 1024 என்று அதில் ஆண்டும் குறிக்கப்பட்டிருக்கிறது.