அன்னி பெஸண்ட் அம்மையாரும் பிரீமேஸன் சகோதரத்துவமும்

இரகசியச் சங்கங்களின் தலைவர்களைப்பற்றி நம் ஜனங்களிடையே இருவகை அபிப்பிராயங்கள் உலவி வருகின்றன. ஒரு சாரார் அவர்களை மாந்திரீகர்களென்று அஞ்சுகின்றனர். வட இந்தியாவில் பிரீமேஸன் கூடத்தை ஜாதுகர், அதாவது மாயவித்தை வீடு, என்றே பாமர மக்கள் அழைத்து வந்தனர். மற்றொரு சாரார், கதவைச் சாத்திக்கொண்டு கூடுகிற கனவான்களிடம் உலகத்தை ஆட்டிவைக்கும் சூத்திரம் ஏதோ இருப்பதாக நம்பி வாய் பிளக்கின்றனர். இவ்விரண்டும் வீண் மயக்கமே என்பது நமது கருத்து. மூடிய கதவுக்குள் ஒருவர் அணிந்த சின்னத்தைக்கொண்டு அவரை அளக்க முடியாது. கதவைத் திறந்து வெளியே வந்தபின் அவர் யார் பக்கத்தில் நின்றார் என்பதே பார்க்கத்தக்கது. இவ்வளவுகோலைக்கொண்டு அன்னி பெஸண்ட் அம்மையாரின் சரித்திரத்தை இன்று ஆராய முற்படுகிறோம். ராயபுரத்திலும், திருவொற்றியூரிலும், எண்ணூரிலும் தொழிலாளர் தொண்டு புரியும் அன்பர்கள் இதில் அறிந்துகொள்ள வேண்டியது உண்டு.

முதலில் அந்த ஸ்தாபனத்தின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவோம். கல்தச்சர்களின் பழைய சங்கங்களிலிருந்து சின்னங்களையும் சடங்குகளையும் எடுத்துக்கொண்டு, 1717-ம் வருஷம் லண்டனில் பிரீமேஸன்களின் மகாசபை தோன்றிற்று. மதம், தேசம் என்ற பேதமின்றி மனிதர் யாவரும் சகோதரர் என்பது அதன் கொள்கை. ஆயினும் 1723-ல் அச்சான அதன் விதிகள் பெண்களையும் அடிமைகளையும் வாயிற்படிக்கு வெளியே நிறுத்திவிட்டன. ஆங்கிலேயரோடு அது இந்தியாவுக்கும் வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஆற்காட்டு நவாபின் மூத்த குமாரர் உம்தத்-உல்-உமரா திருச்சிராப்பள்ளியில் அதில் சேர்க்கப்பட்டார். கல்கத்தாவில் 1884-ல் சேர்ந்த நரேந்திரநாத் தத்தர் என்ற வாலிபரே பின்னர் விவேகானந்த சுவாமிகளாக விளங்கியவர். பண்டித மோதிலால் நேருவும் அதில் அங்கத்தினராக இருந்தவரே. 1961-ல் இந்தியாவுக்கென்று தனி மகாசபை ஏற்பட்டது.

சட்டம் பயின்றோர் கவனிக்கத்தக்க விஷயம் ஒன்று இங்கே உண்டு. 1799-ம் வருஷத்தில் ஆங்கிலப் பார்லிமெண்டு இரகசியப் பிரமாணம் செய்யும் சங்கங்களை ஒரு சட்டத்தால் தடுத்தது. ஆனால் பிரீமேஸன்களுக்கு மட்டும் விலக்கு அளித்தது. அங்கத்தினரின் பெயர்களை ஆண்டுதோறும் எழுதிக்கொடுத்தால் போதும் என்று விட்டுவிட்டது. அதே ஆண்டில் மற்றொரு சட்டத்தால், கூலி உயர்வுக்காகத் தொழிலாளர் ஒன்றுகூடுவதே குற்றமென்று விதித்தது. இப்பின்னைய சட்டம் 1824-ல் நீக்கப்பட்டும், 1834-ல் டால்படில் என்ற கிராமத்தைச் சேர்ந்த உழவுத் தொழிலாளர் அறுவர், சங்கம் அமைத்துப் பிரமாணம் எடுத்துக்கொண்ட குற்றத்துக்காக ஏழு வருஷ தீபாந்தர சிட்சை பெற்று ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டனர். பிரபுக்கள் பிரமாணம் செய்தால் அது சகோதரத்துவம். ஏழைகள் பிரமாணம் செய்தால் அது ராஜத்துரோகம்! இந்த அநீதியை மனத்திற்கொண்டே அம்மையாரின் சரித்திரத்தைப் படிக்க வேண்டும்.

அம்மையார் 1847-ம் வருஷம் அக்டோபர் 1-ந் தேதி லண்டனில் பிறந்தவர். தாயார் ஐரிஷ் இரத்தத்தினர். ஐந்து வயதில் தந்தையை இழந்தார். 1867-ல் பிராங்க் பெஸண்ட் என்ற பாதிரியாரை மணந்தார். ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தனர். மனச்சாட்சிக்கு ஒவ்வாத மத அனுஷ்டானத்துக்குத் தலைவணங்க மறுத்ததால் 1873-ல் கணவர் வீட்டை விட்டு வெளியேறினார். அதன்பின் நாஸ்திகத் தலைவரான சார்லஸ் பிராட்லாவுடன் கூடி உழைத்தார். குடும்பக் கட்டுப்பாட்டைப்பற்றிய ஒரு சிறு புத்தகத்தை வெளியிட்டதற்காக 1877-ல் இருவர்மீதும் வழக்குத் தொடரப்பட்டது. அம்மையார் வக்கீல் வைத்துக்கொள்ளாமல் தாமே வாதாடினார். ஆறு மாதச் சிறையும் அபராதமும் விதிக்கப்பட்டன. குற்றப்பத்திரிகையில் இருந்த குறையால் அப்பீலில் தண்டனை ரத்தாயிற்று. ஆனால் அடுத்த ஆண்டே, இத்தகைய கருத்துடைய தாய் மகளை வளர்க்கத் தகுதியற்றவள் என்று கூறி, நீதிஸ்தலத்தார் குழந்தையை அவரிடமிருந்து பிரித்துவிட்டனர். கொள்கைக்காகப் பொருள் இழந்தவர் பலர். பெற்ற மகளை இழந்தவர் எத்தனை பேர்?

1888-ல் நடந்த சம்பவமே வடசென்னை வாசிகள் மறக்கத்தகாதது. லண்டனின் கிழக்குக் கோடியில் பிரையண்ட்-மே கம்பெனியாரின் தீப்பெட்டித் தொழிற்சாலை இருந்தது. அங்கே வேலை செய்த இளம்பெண்கள் சொற்பக் கூலியிலும் அபராதம் பிடிக்கப்பட்டனர். வெள்ளை பாஸ்பரஸின் நஞ்சு ஏறித் தாடையெலும்பு அழுகும் கொடிய நோயும் அவர்களைப் பிடித்தது. அம்மையார் ஆலை வாசலுக்குச் சென்று, அவர்கள் வாய்மொழியாகவே விவரங்களைக் கேட்டுத் தமது பத்திரிகையில் எழுதினார். எழுதியது பொய்யென்று கையெழுத்திடுமாறு கம்பெனியார் பெண்களை வற்புறுத்தினர், அவர்கள் மறுத்தனர். ஜூலை மாதத்தில் சுமார் 1,400 பேர் வேலையை விட்டு வெளியே வந்தனர். இரண்டு வாரங்களுக்குள் அபராதங்கள் ஒழிந்தன. பாஸ்பரஸ் படாமல் உணவருந்தத் தனி இடமும் கிடைத்தது. பெண்களின் சங்கம் பிறந்தது. அம்மையார் அதன் காரியதரிசியானார். அந்நஞ்சைத் தீக்குச்சியில் உபயோகிப்பது பிரிட்டனில் சட்டத்தால் தடுக்கப்பட இன்னும் இருபது ஆண்டுகள் சென்றன. திருவொற்றியூர்ப் பகுதியில் விம்கோ நகர் என்றொரு பெயர் வழங்குகிறதல்லவா? ஸ்வீடன் தேசத்து மூலதனத்தால் தோன்றிய தீப்பெட்டிக் கம்பெனியின் பெயரே அது. தீக்குச்சிக்கும் சங்கத்துக்கும் உள்ள இந்தப் பழைய உறவை அவ்வழியே செல்லும் நேயர்கள் நினைத்துப்பார்ப்பார்களாக.

1889-ல் அம்மையார் பிரம்மஞான சங்கத்தில் சேர்ந்தார். 1893-ல் இந்தியா வந்தார். 1898-ல் காசியில் மத்திய ஹிந்து கலாசாலையை ஸ்தாபித்தார். 1907-ல் அடையாற்றைத் தலைமை ஸ்தானமாகக் கொண்ட சங்கத்துக்குத் தலைவியானார். இவற்றினிடையே, 1902-ல், அவர் பாரிஸில் பிரீமேஸனானார். ஆண்கள் மாத்திரம் கூடும் பழைய சபையில் அல்ல. மரியா தெரேம் என்ற பிரெஞ்சு மாதை ஒரு லாட்ஜ் 1882-ல் துணிந்து சேர்த்துக்கொண்டது. அவரும் ஜார்ஜ் மார்த்தான் என்பவரும் 1893-ல் ஆணையும் பெண்ணையும் சமமாகச் சேர்க்கும் புதிய மேஸன் சபையை நிறுவினர். அச்சபையின் லண்டன் லாட்ஜை அம்மையார் அதே 1902-ல் தொடங்கினார். பிரிட்டனிலும் அதன் ஆளுகைக்குட்பட்ட நாடுகளிலும் அதற்கு அவரே தலைமை வகித்தார். காசியிலும் அடையாற்றிலும் லாட்ஜுகள் ஏற்பட்டன. அவருக்குத் துணைநின்ற ஜார்ஜ் அருண்டேலும், இலங்கையில் பிறந்த ஜினராஜதாசரும் இச்சபையிலும் முக்கியஸ்தர்களாய் இருந்தனர். பழைய சபையார் இவர்களைப் பிரீமேஸன்களென்று ஒப்புக்கொள்ளவில்லை. ஆலை வாசலில் நின்ற பெண்களுக்காக வாதாடியவர், சகோதரத்துவத்தின் வாசலில் நின்ற பெண்களுக்காகவும் கதவைத் தட்டினார் என்று நாம் இதைக் கொள்கிறோம்.

பின்னர் வந்த ராஜீய வாழ்வு தமிழர் அறிந்ததே. 1914-ல் ‘நியூ இந்தியா’ தினசரியைத் தொடங்கினார். 1916-ல் சர்க்கார் 2,000 ரூபாய் ஜாமீன் கேட்டுப் பறிமுதல் செய்தனர். மீண்டும் 10,000 ரூபாய் கேட்டனர். பத்திரிகை நிற்கவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் ஹோம் ரூல் லீக் பிறந்தது. 1917 ஜூனில் கவர்னர் பெண்ட்லண்டு பிரபுவின் சர்க்கார் அம்மையாரையும், அருண்டேலையும், ‘நியூ இந்தியா’வில் உழைத்த பி.பி. வாடியாவையும் உதகமண்டலத்தில் காவலில் வைத்தது. தேசமே கொதித்தது. மணி ஐயரென்று ஜனங்கள் போற்றிய சர் சுப்பிரமணிய ஐயர் அமெரிக்க ஜனாதிபதி வில்ஸனுக்கே முறையிட்டுக் கடிதம் எழுதினார். செப்டம்பரில் விடுதலை, டிசம்பரில் கல்கத்தா காங்கிரஸ் மகாசபையின் தலைமைப் பீடம். அப்பீடத்தில் அமர்ந்த முதற்பெண் அம்மையாரே.

அடுத்த ஆண்டில் வடசென்னையின் முறை வந்தது. பெரம்பூர் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர்கள், நெடுநேர வேலையாலும், நண்பகல் உணவுக்குப் போதிய இடைவேளை இல்லாமையாலும், மேலாட்களின் கொடுமையாலும் நொந்திருந்தனர். செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் ‘நியூ இந்தியா’ காரியாலயத்துக்கு வந்து வாடியாவை அழைத்துச் சென்றனர். 1918 ஏப்ரல் 27-ந் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று, வாடியா தலைவரானார், திரு.வி. கலியாணசுந்தர முதலியார் உடன்நின்றார். லண்டன் தீப்பெட்டி ஆலையில் மூட்டிய பொறி, முப்பது ஆண்டுகளுக்குப்பின் அம்மையாரின் காரியாலய வழியே பெரம்பூரை வந்தடைந்தது. ஆனால் 1920-ல் பின்னி கம்பெனியார் வாடியா முதலியோர்மீது வழக்குத் தொடுத்து, ஹைக்கோர்ட்டில் தடையுத்தரவு பெற்றனர். வாடியா சங்கத்தை விட்டு விலக நேர்ந்தது. 1926-ம் வருஷத் தொழிற்சங்கச் சட்டம் இத்தகைய வழக்குகளுக்கு எதிராகப் பாதுகாப்பு அளிக்க இந்த அநுபவமே தூண்டுகோல்.

அம்மையாரின் பிற்காலத்தை மறைப்பது சரித்திர தர்மமன்று. 1919-ல் ரௌலட் சட்டத்தைக் கண்டித்த அவர், சத்தியாக்கிரகத்தை ஏற்க மறுத்தார். கல்லெறியும் கூட்டத்தின்மீது சிப்பாய்கள் சுடுவதை ஆதரித்து எழுதினார். தலைமேல் வைத்துக் கொண்டாடிய மக்கள் முகம் திருப்பிக்கொண்டனர். ஒத்துழையாமையை எதிர்த்துக் காங்கிரஸையும் துறந்தார். ஏன் இப்படி நேர்ந்தது? வயதைக் காரணம் காட்டுவார் உண்டு. ஆங்கில இரத்தத்தைக் காட்டுவாரும் உண்டு. நமக்கு வேறொன்று தோன்றுகிறது. படிப்படியாகப் பட்டம் பெற்று, தகுதியுடையோர் மட்டும் மேலேறும் சபைகளில் பல்லாண்டு பழகியவருக்கு, தகுதி கேளாமல் லட்சக்கணக்கான மக்களை ஒரே நாளில் உள்ளே அழைத்த காந்தியடிகளின் வழி அச்சமளித்ததில் வியப்பில்லை. ஆலை வாசலில் கூட்டத்தை நம்பிய 1888-ம் வருஷத்துப் பெண்மணி, முப்பது ஆண்டுகளுக்குப்பின் கூட்டத்தை நம்பவில்லை. ஆயினும் இந்திய சுயாட்சிக்கான மசோதாவை 1925-ல் தயாரித்துப் பார்லிமெண்டுவரை கொண்டுசென்றவரும் அவரே. 1933 செப்டம்பர் 20-ந் தேதி அடையாற்றில் காலமானார்.

இச்சரித்திரத்தால் நாம் பெறுவது யாது? இரகசியச் சபையில் சேர்ந்தவர் என்பதற்காக ஒருவரை வெறுக்கவும் வேண்டாம்; அங்கே உயர்ந்த பட்டம் வகித்தவர் என்பதற்காக வணங்கவும் வேண்டாம். அம்மையார் செய்த நிலையான தொண்டு யாவும் பத்திரிகையிலும், மேடையிலும், நீதிஸ்தலத்திலும், ஆலை வாசலிலும் பகிரங்கமாகச் செய்ததே. இன்று நம் தொழிற்சங்கங்களிலும் அரசியல் ஸ்தாபனங்களிலும் நால்வர் அறைக்குள் கூடி முடிவு செய்து, நாலாயிரம் பேரைக் கைதூக்கச் சொல்லும் வழக்கம் புகுந்திருப்பதை நேயர்கள் அறிவார்கள். சட்டப்படி பதிவான சங்கத்தின் கணக்கைப் பார்க்க அங்கத்தினன் ஒவ்வொருவனுக்கும் உரிமை உண்டு. துறைமுகத்திலும் தொழிற்சாலையிலும் உழைக்கும் தோழர்கள் அவ்வுரிமையைத் தயங்காமல் கேட்டுப்பெற வேண்டும். தலைவர்களும் அதைக் குறையாகக் கொள்ளாது கணக்கை எடுத்து முன்வைக்க வேண்டும். சகோதரத்துவம் என்ற சொல்லுக்கு அதைவிட நல்ல பொருள் நமக்குத் தெரியவில்லை.