வைத்தியராக வந்த ஆசிரியை: மரியா மொண்டிசோரி

ஊரில் சின்னப் பிள்ளைகள் முதன்முதலாகப் போகும் பள்ளிக்கூடத்தை 'மொண்டிசோரி' என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது ஓர் இத்தாலியப் பெண்மணியின் பெயர். யூரோ வருமுன் இங்கே புழங்கிய கடைசி 1000 லீரா நோட்டில் இருந்ததும் அவருடைய முகந்தான்.

மரியா மொண்டிசோரி 1870 ஆகஸ்ட் 31ஆம் திகதி, அங்கோனாவுக்கு அருகே கியாராவல்லே என்னும் ஊரில் பிறந்தார். பெண்கள் வைத்தியம் படிப்பதைப் பலர் விரும்பாத காலம் அது. ஆனாலும் ரோமில் படித்து, 1896இல் வைத்தியரானார். அங்கே மனநோயாளர் விடுதியில், படிக்கவே மாட்டார்கள் என்று கைவிடப்பட்ட பிள்ளைகளைக் கண்டார். தொட்டும் அடுக்கியும் பழகப் பொருட்கள் கொடுத்து, பொறுமையாய்க் கற்பித்தார். அவர்களில் சிலர் எழுத வாசிக்கப் பழகி, பரீட்சையிலும் சித்தியடைந்தார்கள்.

1907 ஜனவரி 6, பெஃபானா நாளன்று, ரோமில் ஏழைகள் குடியிருந்த சான் லொரென்சோவில் 'காசா தெய் பம்பினி', அதாவது 'பிள்ளைகளின் வீடு', திறக்கப்பட்டது. தாய் தகப்பன் வேலைக்குப் போய்விட, படிக்கட்டுகளில் தனியே அலைந்த சுமார் ஐம்பது பிள்ளைகள் அங்கே சேர்ந்தார்கள்.

அம்மையார் முதலில் பிள்ளைகளின் உடம்பைக் கவனித்தார். உயரமும் நிறையும் அளந்து குறித்து வைத்தார். கை கழுவவும், நகத்தையும் பல்லையும் சுத்தமாக வைத்திருக்கவும் பழக்கினார். என்ன சாப்பிடக் கொடுப்பது என்றும் யோசித்தார். பிள்ளைகளைக் குளிப்பாட்டிச் சுத்தமான உடுப்போடு அனுப்பவேண்டும், தாய் வாரம் ஒருமுறையாவது வந்து ஆசிரியையுடன் பேசவேண்டும் என்பது அங்கே சட்டம்.

ஒருநாள் மூக்கைச் சத்தமின்றிச் சிந்துவது எப்படி என்று செய்து காட்டினார். பிள்ளைகள் கைதட்டி மகிழ்ந்தார்கள்! மூக்கு ஒழுகுவதற்காக அவர்களை ஏசியவர்கள் பலர். அன்பாய்ச் சொல்லிக் கொடுத்தவர் அவர் ஒருவரே. அந்த வீட்டிலேதான் நாலைந்து வயதுப் பிள்ளைகள் தாங்களாகவே எழுதத் தொடங்கினார்கள்.

1939இல் அம்மையார் சென்னை அடையாறுக்கு வந்து நூற்றுக்கணக்கான ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். யுத்தகாலத்தில் கொடைக்கானலில் தங்கினார். 1944இல் இலங்கையிலும் பயிற்சி நடத்தினார். 1952 மே 6ஆம் திகதி ஒல்லாந்தில் காலமானார்.

பெற்றோரே, இன்று லிபெர்த்தாவில் நம்மில் பலர் வீட்டிலும் தாய் தகப்பன் இருவரும் வேலைக்குப் போகிறோம். 14 வயதுவரை பிள்ளைக்குப் பெதியாத்ராவை இலவசமாய் வைத்திருக்கலாம். நாமோ காய்ச்சல் வந்தால்தான் அங்கே ஓடுகிறோம். பிள்ளை புள்ளி குறைத்து வாங்கினால் ஏசுமுன், கரும்பலகை கண்ணுக்குத் தெரிகிறதா, ஆசிரியர் சொல்வது காதில் விழுகிறதா, காலையில் சாப்பிட்டானா, இரவில் நன்றாய்த் தூங்கினாளா என்று பாருங்கள்.

தம்பி தங்கைகளே, எழுத்து மங்கலாய்த் தெரிந்தால் வெட்கப்படாமல் அம்மாவிடம் சொல்லுங்கள். அது உங்கள் குற்றமல்ல.