எழுத்துத் தொழிலாளி பிரேம்சந்த்

ஹிந்தி எழுத்தாளர் பிரேம்சந்தும் அவர்தம் துணைவியார் சிவராணி தேவியும் ஒருங்கே அமர்ந்திருக்கும் நிழற்படம் ஒன்றுண்டு. அதிலே அவருடைய சப்பாத்துக் கிழிந்து, கால்விரல் வெளியே தெரிகின்றது. பிற்காலத்தவரான ஹரிசங்கர் பர்சாயி அச் சப்பாத்தைப் பற்றியே தனியொரு கட்டுரை வரைந்தார். இப்படத்தைக் கண்டவுடன் புலவனுக்கு வறுமையே அணிகலன் என்று உருகுவோர் பலர். ஆனால் பிரேம்சந்த் உழைத்தவர். உழைப்புக்கு ஊதியமும் பெற்றவர். அவ்வூதியம் எங்கே சென்றது என்பதை அறிந்தாலன்றி, எழுத்தைப் பற்றி அவர் கொண்டிருந்த கருத்துக்கள் நமக்கு முழுமையாக விளங்கா.

காசிக்கு அண்மையிலுள்ள லமஹி என்னும் சிற்றூரில், 1880ஆம் ஆண்டு ஜூலை 31ஆந் திகதி அவர் பிறந்தார். இயற்பெயர் தனபத் ராய். தந்தையார் தபாற்கந்தோர் இலிகிதர். இளமையிலேயே தாயை இழந்த சிறுவனுக்கு, கோரக்பூரிற் படித்த நாளில் உருதுக் கதைகளே உறவாயின. புத்தகம் வாங்கப் பணமேது? ஒரு புத்தகக் கடைக்காரரின் பாடக்குறிப்பு நூல்களைச் சக மாணவரிடையே விற்றுக் கொடுத்து, அதற்குக் கைம்மாறாகக் கடையிலிருந்த நாவல்களை எடுத்துச் சென்று படித்தான். புத்தகமும் வயிற்றுப்பாடும் அவர் வாழ்விற் பின்னிப் பிணைந்தது அங்கேதான்.

பதினைந்து வயதளவிலே மணம். அது இன்பந் தரவில்லை. 1897இல் தந்தையார் மறைந்ததும் குடும்பப் பாரம் அவர் தலையில் வீழ்ந்தது. கல்லூரிப் படிப்புக்குக் கணிதம் தடையாக நின்றது. காசியில் வழக்கறிஞர் ஒருவருடைய மகனுக்குப் பாடஞ் சொல்லிக்கொடுத்து மாதம் 5 ரூபா பெற்று, குதிரை லாயத்தின் மேலிருந்த மண்ணறையிலே தங்கி, அத்தொகையிலிருந்தே வீட்டுக்கும் அனுப்பினார். கையிற் காசற்ற ஒரு நாள், பாதுகாத்து வைத்திருந்த இரண்டு ரூபாக் கணித விளக்க நூலை ஒரு ரூபாவுக்கு விற்கக் கடைக்குச் சென்றார். அங்கு நின்ற தலைமையாசிரியர் ஒருவர் அவரைக் கண்டு விசாரித்து, 18 ரூபாச் சம்பளத்தில் ஆசிரியர் பதவி அளித்தார். கல்லூரி வாயிலை அடைத்த கணிதம் கடைவாயிலிலே வழி திறந்து விட்டது! (ஆயினும் பீ. ஏ. பட்டம் 1919இல்தான் அவர் கைக்கு எட்டியது.)

அரசாங்க ஆசிரியராக இருந்துகொண்டே நவாப் ராய் என்ற பெயரில் உருதுவில் எழுதினார். 1908இல் வெளிவந்த ‘சோஸே வதன்’ என்னும் கதைத் தொகுதியில் நாட்டுப்பற்று மிகுந்திருப்பதாகக் கண்ட ஆட்சியாளர், எஞ்சியிருந்த பிரதிகளைக் கைப்பற்றி எரித்தனர். அனுமதியின்றி எதுவும் எழுதலாகாதென்றும் கட்டளையிட்டனர். 1910இல் அவர் பிரேம்சந்த் ஆனார். பெயர் மாறியது, பேனா மாறவில்லை. 1921 பெப்ரவரியிற் கோரக்பூருக்கு வந்த காந்தியடிகளின் உரையைக் கேட்டபின், இருபதாண்டு கடந்த உத்தியோகத்தைத் துறந்தார்.

1923இல் காசியிலே சரஸ்வதி அச்சகத்தை நிறுவினார். அதன் பின் அவர் எழுதிய நாவல்களின் வருவாயை அந்த அச்சகமும், 1930இல் தொடங்கிய ‘ஹம்ஸ்’ சஞ்சிகையும், பின்னர் ஏற்ற ‘ஜாக்ரண்’ வார இதழும் விழுங்கின. குளிர்காலச் சட்டை தைப்பதற்காகச் சிவராணி தேவி கொடுத்த பணத்தை அச்சகத் தொழிலாளரிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு அவர் வீடு திரும்பியதுண்டு. அது இருமுறை நிகழ்ந்தது. இதனை அவ்வம்மையாரே கணவரைப் பற்றிய தம் நூலிற் பதிந்துள்ளார்.

கடனடைக்கும் நோக்குடன் 1934இல் பம்பாய்ப் படநிறுவனமொன்றில் ஆண்டுக்கு 8000 ரூபா ஒப்பந்தத்திற் சேர்ந்தார். அங்கு அவர் எழுதிய ‘மஸ்தூர்’, ஆலைத் தொழிலாளரின் போராட்டத்தைச் சித்திரித்தமையாற் பம்பாயிலே தடைசெய்யப்பட்டது. ஏறக்குறைய அதே காலத்திலேதான் காசியில் அவருடைய சொந்த அச்சகத்துத் தொழிலாளர் சம்பளப் பாக்கிக்காக வேலைநிறுத்தஞ் செய்தனர். வேலைநிறுத்தத்தைப் பொருளாகக் கொண்ட கால்ஸ்வொர்தியின் நாடகத்தை முன்னரே ஹிந்தியாக்கியவர், இப்போது முதலாளியின் இடத்தில் நின்றார். இம்முரண்பாட்டை மூடிமறைப்பது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது. ஏழைகளுக்காக எழுதியவர் கூலி கொடுக்க இயலாத முதலாளியாகவும் இருந்தார். இரு நிலையின் வேதனையையும் நேரில் அறிந்தமையாலேதான் ‘கோதான்’ நாவலிற் குடியானவன் ஹோரியின் கடன் அத்துணை உண்மையாக இருக்கின்றது என்பது என் துணிபு.

1934 டிசெம்பரில் அவர் சென்னைக்கு வந்து, தக்ஷிண பாரத ஹிந்திப் பிரசார சபையின் பட்டமளிப்பு விழாவிற் பேசினார். அவருடைய ‘சேவாசதன்’ நாவல் 1938இல் கே. சுப்பிரமணியத்தின் நெறியாள்கையில், எம். எஸ். சுப்புலக்ஷ்மி நடிக்கத் தமிழ்ப் படமாயிற்று. அதைக் காண ஆசிரியர் உயிரோடில்லை.

கதைக்கு அடிப்படை மனத்தின் உண்மை என்பதே அவர் கோட்பாடு. நிகழ்ச்சிகள் அவ்வுண்மையை வெளிப்படுத்தும் அளவுக்கே வேண்டுமென்றார். நெடுங்காலம், மனிதரை உயர்த்திக் காட்டும் இலட்சியத்தை யதார்த்தத்தோடு இணைக்க முயன்றார். ஆனால் ‘கஃபன்’ கதையிலோ, இறந்தவளுக்குப் பிணத்துணி வாங்கச் சேர்த்த காசை அவள் கணவனும் மாமனும் குடித்துத் தீர்க்கின்றனர். ஆறுதல் அளிக்க ஆசிரியர் அங்கு முன்வரவில்லை. 1936 ஏப்ரலில் லக்னோவில் நடைபெற்ற முற்போக்கு எழுத்தாளர் மாநாட்டுக்குத் தலைமை தாங்கி, அழகைப் பற்றிய நம் அளவுகோலையே மாற்ற வேண்டுமென வாதாடினார். செல்வர் மாளிகையில் மட்டும் அழகைத் தேடும் கண், வயல்வரப்பிற் குழந்தையைக் கிடத்திவிட்டு உழைக்கும் தாயிடம் அதனைக் காணாதிருப்பது ஏன் என்பது அவருடைய கேள்வி.

அவ்வாண்டே நோய் அவரைப் படுக்கையில் வீழ்த்தியது. ‘ஹம்ஸ்’ சஞ்சிகைக்கு அரசாங்கம் பிணைப்பணம் கேட்டது. அப்போது அதனை நடத்திவந்த பாரதீய சாகித்திய பரிஷத் இதழை நிறுத்த முடிவு செய்தது. நோயாளியோ அதனை மீண்டும் தம் பொறுப்பில் ஏற்று, பணத்தைக் கட்டச் செய்தார். 1936 ஒக்டோபர் 8ஆந் திகதி காசியில் அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவர் எழுதிக்கொண்டிருந்த ‘மங்களசூத்திரம்’ என்னும் நாவலின் தலைவன் ஓர் எழுத்தாளன். புகழைத் தேடிப் பொருளைத் தேடாது விட்டவன். அதிலே நான்கு அத்தியாயங்களே கிடைத்துள்ளன.