கவிழ்த்து வைத்த துரும்பு

கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனைப் பற்றி நம் மாணவர் அறிந்திருப்பவை பெரும்பாலும் இரண்டே செய்திகள். ஏரி கட்டினான் என்பது ஒன்று. கொடுங்கோலனாயிருந்து நாட்டை இழந்தான் என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் நடுவே அவன் ஆடி வென்ற ஆட்டம் ஒன்றும், அதே ஆட்டத்தை ஆடித் தோற்ற கதையும் உள. அவற்றையே ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றேன்.

ஆட்டம் என்னும் சொல்லை வேண்டுமென்றே ஆளுகின்றேன். மஹய்யாவவில் மாலை வேளைகளில் நம் இளைஞர் முந்நூற்று நான்கு ஆடுவதைக் காணாதார் இலர். ஓர் இனத்துச் சீட்டுகளின் பெறுமதி 76. நான்கு இனத்துக்கும் 304. முப்பது பெறுமதியுள்ள வீறே எல்லாவற்றுக்கும் மேலான சீட்டு. (அச்சீட்டுக்கு அப்பெயர் இட்டவன் தமிழ் அறிந்தவனாகவே இருத்தல் வேண்டும்.) கேள்வியில் வென்றவன் தன் துரும்பைக் கவிழ்த்து வைக்கின்றான். அஃது எவ்வினம் என்று அறியாத எதிரிகள் தம் நல்ல சீட்டுகளைத் துணிந்து இறக்கி அகப்பட்டுக் கொள்வர். மேனாட்டார் ஆடும் போக்கர்ப் போட்டிகளிலும் இதனையொத்த சிக்கல் உண்டு. முதலிற் கிடைக்கும் இரு சீட்டுகளுமே ஆசுகளாக அமைந்தால், உடனே பெரும்பந்தயம் கட்டுபவனைக் கண்டு மற்றவர் ஒதுங்கிவிடுவர். ஒன்றுமில்லாதவன்போல் அடங்கியிருப்பானாயின், முந்துகின்ற இயல்புடைய எதிரி தானே பொருளைக் கொண்டுவந்து குவிப்பான். ஆனால் எதிரிகள் பலராயின், அடுத்து விழும் சீட்டுகள் அவர்களுள் எவனுக்கேனும் வாய்த்துவிடும், அடங்கியிருந்தவன் அழிவான்.

கண்ணுசாமி என்னும் இளைஞன் 1798இல் கண்டி அரியணை ஏறியபோது அவனுக்கு வயது ஏறத்தாழப் பதினெட்டு. மதுரை நாயக்கர் வழி வந்தவன். மகப்பேறின்றி இறந்த இராஜாதி ராஜசிங்கனின் தேவிக்கு இவன் உடன்பிறந்தாள் மகன். தேவியின் உடன்பிறந்தான் முத்துசாமிக்கும் அரியணை மீது உரிமை இருந்தது. எனினும் மகா அதிகார் பிலிமத்தலாவை இளையவனையே தேர்ந்தான். தான் சொன்னபடி ஆடும் பொம்மை ஒன்று அவனுக்கு வேண்டியிருந்தது. முத்துசாமி ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்தான்.

ஆங்கிலேயர் அப்போதுதான் ஒல்லாந்தரிடமிருந்து கரையோர மாகாணங்களைப் பறித்திருந்தனர். தேசாதிபதி நோர்த் முந்தும் இயல்பினர். புத்தளத்து வணிகரின் பாக்கைக் கண்டியார் கைப்பற்றியதைக் காரணம் காட்டி, 1803 தொடக்கத்திற் போர் தொடுத்தார். கொழும்பிலிருந்து மக்டவலும் திருகோணமலையிலிருந்து பார்பட்டும் படையுடன் புறப்பட்டனர். பெப்ரவரி மாதம் கண்டி நகருட் புகுந்தவர்கள் கண்டது வெறும் நகரை. குடிகள் இல்லை, கருவூலம் இல்லை, அரண்மனையின் ஒரு பகுதி எரிந்துகொண்டிருந்தது. மன்னன் ஹங்குராங்கெத்தைக்குச் சென்றுவிட்டான்.

இம்முறை கண்டியார்க்குப் புதிதன்று. 1594இல் தந்துறையிலும் 1630இல் ரந்தெனிவெலையிலும் 1638இல் கன்னொறுவையிலும் போர்த்துக்கேயர் படைகள் அழிந்தது இவ்வாறே. 1765இல் ஒல்லாந்தர் இந்நகரைப் பிடித்தும், அதிற் குடியிருக்க மாட்டாமல் சில மாதங்களில் வெளியேறினர். காடும் மலையும் காய்ச்சலும் மழையுமே கண்டியாரின் உயர்ந்த சீட்டுகள். அவற்றை முதற் சுற்றிலேயே இறக்குவது பேதைமை என்பதை இரு நூற்றாண்டுப் பழக்கம் அவர்களுக்குக் கற்பித்திருந்தது.

ஆங்கிலேயர் முத்துசாமியை மன்னனென அமர்த்தினர். அவனை ஏற்கக் குடிகள் ஒருவரும் வரவில்லை. மன்னனைப் பிடித்துத் தருவதாகப் பிலிமத்தலாவை ஆசை காட்டினான். அதனை நம்பி ஹங்குராங்கெத்தைக்கு விரைந்த படை, வழியெல்லாம் மறைவிலிருந்து சுடப்பட்டு வெறுங்கையுடன் திரும்பியது. அதிகார் அப்போது மன்னனுக்காக ஆடினானா, தனக்காக ஆடினானா என்பது ஆராய்தற்குரியது. இரண்டும் கலந்தே இருந்தன என்பது என் கருத்து. ஆயினும் இருபத்து மூன்று வயதுடைய ஓர் அரசன், தன் தலைநகரில் அந்நியக் கொடி பறப்பதைக் கண்டும் நான்கு மாதம் பொறுத்திருந்தான் என்பதை மறத்தலாகாது. அப்பொறுமை எளிதன்று.

அதற்குட் காய்ச்சல் ஆங்கிலப் படையை அரித்தது. மக்டவலும் நோயுற்றுக் கொழும்பு திரும்பினார். பொறுப்பு மேஜர் டேவியின் தலையில் விழுந்தது. துரும்பு நிமிர்ந்த நாள் 1803 ஜூன் 24. கண்டியார் பெருந்திரளாய் வந்து சூழ, டேவி சரணடைந்து, திருகோணமலைக்குச் செல்ல அனுமதி பெற்று நகரை விட்டு நீங்கினார். நம் மஹய்யாவவுக்கு அண்மையிலுள்ள வட்டபுளுவவில் மகாவலி குறுக்கிட்டது. பருவமழையால் ஆறு பெருகியிருந்தது. கடக்கப் படகும் இல்லை, தெப்பமும் இல்லை. அங்கே முத்துசாமியை ஒப்படைக்கும்படி மன்னனின் ஆட்கள் கேட்டனர். டேவி இணங்கினார். அடைக்கலப் பொருளைக் கைவிட்டும் அவர் படை பிழைக்கவில்லை. முத்துசாமி கொல்லப்பட்டான், அடுத்துப் படையினரும் கொல்லப்பட்டனர். பார்ன்ஸ்லி என்னும் கோப்பிரல் ஒருவன் காயத்துடன் தப்பி, மாத்தளைப் பக்கத்துக் கோட்டையை அடைந்து செய்தி சொன்னான். டேவி சிறைப்பட்டுக் கண்டி நாட்டிலேயே ஆண்டுகள் பல கழித்து இறந்தார். சரணடைந்தவரைக் கொன்ற அச்செயலைப் புகழ என் நா எழவில்லை. போர்முறையின் திறத்தை மட்டுமே கூறுகின்றேன்.

வென்றவன் அத்துடன் அமைந்திருக்கலாம். மன்னனோ அவ்வாண்டு செப்டம்பரிலேயே மலையை விட்டிறங்கித் தானே ஹங்வெல்லைக் கோட்டையைத் தாக்கினான். சமவெளியில் அவனுக்குக் காடும் இல்லை, காய்ச்சலும் இல்லை. தோற்று ஓடினான், தோல்விக்காகத் தன் தலைவர்களின் தலையை வாங்கினான். மறு ஆண்டு கப்டன் ஜோன்ஸ்டன் ஏறத்தாழ முந்நூறு பேருடன் மட்டக்களப்பிலிருந்து கண்டி வரை வந்து, துணைப்படைகள் வாராமையால் போரிட்டபடியே திருகோணமலைக்கு மீண்டார். மலை நாடு தன்னைத்தானே காக்கும் என்ற எண்ணம் மன்னன் உள்ளத்தில் ஊன்றிவிட்டது போலும்.

அடுத்து வந்த பத்தாண்டுகளில் அடங்கியிருந்து ஆடியவர் வேறொருவர். அவர் ஜோன் டொயிலி. மாத்தறைத் தேரரிடம் சிங்களம் கற்றவர். 1805 முதல் அரசின் தலைமை மொழிபெயர்ப்பாளர். வணிகரும் துறவியரும் வழிப்போக்கரும் கண்டிச் செய்திகளை அவரிடம் கொண்டுவந்து சேர்த்தனர். 1810 முதல் அவர் எழுதிய நாட்குறிப்பு இன்றும் உள்ளது. அதனைப் படிப்போர்க்கு, மன்னனின் சீட்டுகள் யாவும் கொழும்பில் நிமிர்ந்து கிடந்தன என்பது புலப்படும்.

மன்னன் கையிலிருந்த சீட்டுகளும் அப்போது பழையன அல்ல. பிலிமத்தலாவை சதி செய்து தலையிழந்தான். ஏரிப்பணிக்கும் அரண்மனைப் பணிக்கும் ஏவப்பட்ட குடிகள் புழுங்கினர். 1814இல் எகெலப்பொல கலகம் செய்து தோற்று ஆங்கிலேயரிடம் ஓட, அவன் மனைவியையும் பிள்ளைகளையும் மன்னன் கொல்வித்தான். அக்கொடுமைகளை ஆங்கிலேயர் மிகைப்படுத்திப் பரப்பினர் என்பது உண்மையே. எனினும் இப்பழியை எவராலும் கழுவ இயலாது. காட்டுப் பாதைகளைக் காக்க வேண்டிய திசாவைமார் உள்ளத்தால் அன்றே அவனை நீங்கிவிட்டனர்.

1815 ஜனவரியில் தேசாதிபதி பிரவுன்றிக் போர் தொடுத்தபோது, எட்டுப் படைப்பிரிவுகள் எட்டு வழியாக ஏறின. டொயிலி உடன் வந்தார். மழைக்காலம் தொடங்குமுன்பே எல்லாம் முடிய வேண்டுமென்பது அவர்கள் திட்டம். மன்னன் முன்போலவே நகரை விட்டு நீங்கிப் பொறுத்திருந்தான். ஆயின் இம்முறை காட்டில் அவனுக்காகக் காத்திருந்தவர் எவரும் இலர். அதிகார் மொல்லிகொடவும் எதிரியிடம் சேர்ந்துவிட்டான். பெப்ரவரி 14இல் ஆங்கிலேயர் நகருட் புகுந்தனர். 18ஆம் நாள் மெதமகாநுவரைக்கு அண்மையில், ஒரு வீட்டில் ஒளிந்திருந்த மன்னனை எகெலப்பொலவின் ஆட்களே பிடித்துக் கட்டினர். மார்ச் 2இல் கண்டி ஒப்பந்தம் நிறைவேறியது.

1816 ஜனவரியில் கொழும்பிலிருந்து கப்பலேற்றப்பட்ட மன்னன், வேலூர்க் கோட்டையில் பதினாறு ஆண்டுகள் வாழ்ந்து 1832 ஜனவரி 30இல் இறந்தான். அங்குப் பிறந்த மகன் 1843இல் மகவின்றி மறைந்தான். பாலாற்றங்கரையில் மன்னனின் கல்லறை இருந்த இடத்தில் தமிழக அரசு எழுப்பிய முத்து மண்டபம் இன்றும் நிற்கிறது.